ஒரே சட்டம், இரண்டு சரிவுகள்

ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய செண்பகத்தோப்பில், மலைமுகட்டுக்கு இந்தப் பக்கம் பெய்யும் மழை ஓடைகளில் இறங்கிக் கண்மாய்களுக்கு வருகிறது. அந்தப் பக்கம் பெய்வது கேரளத்துக்குப் போகிறது. இரு சரிவுக்கும் அரசியல் சட்டம் ஒன்றுதான். 1950 ஜனவரி 26 அன்று அது நடைமுறைக்கு வந்தபோது சென்னை மாநில முதல்வராக இருந்தவர் ராஜபாளையத்துக்காரர் பி.எஸ். குமாரசாமி ராஜா. அந்தச் சட்டத்துக்கென்று மக்களிடம் தனி வாக்கெடுப்பு நடக்கவில்லை. அரசியல் நிர்ணய சபையே ஏற்றுக்கொண்டது. ஐரோப்பா தனக்கென எழுதிய அரசியல் சட்டத்தையோ 2005-ல் பிரான்ஸ் மக்களும் நெதர்லாந்து மக்களும் வாக்களித்தே தள்ளிவிட்டார்கள்.

அப்படியானால் ஐரோப்பாவும் மக்களைக் கேட்காமலே நிறைவேற்றியிருக்கலாமே என்று தோன்றும். இங்கே நடந்ததைப் பாருங்கள். அதுவரை கேரளப் பக்கத்து ஆட்சியில் இருந்த செங்கோட்டை 1956-ல் தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லையை மாற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, மாநிலத்தின் சம்மதம் கட்டாயமில்லை. நிலம் கைமாறியது, தண்ணீர் மாறவில்லை. பம்பை, அச்சன்கோவில் ஆறுகளிலிருந்து ஆண்டுக்கு 63.4 கோடி கன மீட்டர் நீரை இந்தப் பக்கத்து வைப்பாற்றுக்குத் திருப்பும் திட்டம் கேரளத்தின் எதிர்ப்பால் ஏட்டிலேயே கிடக்கிறது. தன் காடும் நீரும் பாதிக்கப்படும் என்ற கேரளத்தின் அச்சத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது.

டெல்லி கண்டித்து உத்தரவிட்டால் போதும் என்பார்கள். காவிரியில் 1990-ல் நடுவர் மன்றம், 2007-ல் இறுதித் தீர்ப்பு, 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இத்தனைக்குப் பிறகும் மழை பொய்த்த ஆண்டெல்லாம் தகராறுதான். பொதுச் சட்டம் சண்டையை முடிப்பதில்லை, சண்டை போட ஓர் இடம் தருகிறது. அது சின்ன விஷயமில்லை. ஐரோப்பாவும் ‘அரசியல் சட்டம்’ என்ற பெயரைக் கைவிட்டு, அதன் விதிகளில் பெரும்பாலானவற்றை லிஸ்பன் ஒப்பந்தமாக 2009-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அயர்லாந்தில் மட்டும் அதற்கு இரண்டு முறை வாக்கெடுப்பு நடத்த வேண்டியிருந்தது.