பீரங்கிக்கு ஒரு மருந்து, ரிவால்வருக்கு ஒரு மருந்து

மாமல்லபுரம் போனால், அப்படியே தெற்கே சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையையும் பார்த்து வாருங்கள். வாசலில் பழைய பீரங்கிகள் காவல் நிற்கின்றன. அவற்றின் தீனி, வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த கருமருந்து. பீரங்கிக்குப் பருமணி, கைத்துப்பாக்கிக்குப் பொடிமணி. ஏன் என்கிறீர்களா? விறகடுப்பு மூட்டிய பாட்டியைக் கேளுங்கள்: சுள்ளி படபடவென்று எரிந்து தீரும், கட்டை நின்று எரியும்.

1935-ல் பிறந்த .357 மாக்னம் ரிவால்வருக்குப் புகையில்லா மருந்து. ஆயினும் அடுப்பு நியாயம் மாறவில்லை. கனத்த குண்டை முழு வேகத்தில் தள்ள, நிதானமாக எரியும் மருந்தே ஏற்றது. விரைந்து எரிவதை அதே அளவு போட்டால் அழுத்தம் எகிறித் துப்பாக்கியே வெடித்துவிடும். ஆகவே காலித் தோட்டாவில் மருந்து நிரப்பப் பழகுகிறவருக்குக் கண்ணளவு உதவாது. மருந்து செய்தவர்கள் அச்சிட்ட அட்டவணையும் தராசுமே துணை. ரசத்தில் உப்புக் கூடினால் ஒரு வேளைச் சாப்பாடு போகும். இங்கே விரலல்லவா போகும்!