பிக்கப் வண்டியின் கதவுக் கண்ணாடி அடிக்கடி நிற்கிறதா? பியூஸை மட்டும் மாற்றினால் போதாது

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம் பகுதிகளில் தக்காளி, மா, காய்கறி பயிரிடும் விவசாயிகள் பலர் இன்று சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்திருக்கிறார்கள். விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், திரும்பும்போது உரம், விதை, தீவனம் ஏற்றி வரவும் இது பயன்படுகிறது. ஆயினும் பம்புசெட்டுக்குக் காட்டும் கவனத்தை இவ்வண்டியின் மின் பாகங்களுக்கு நாம் காட்டுவதில்லை. ஸ்விட்சைத் தொட்டால் ஏறி இறங்கும் கதவுக் கண்ணாடி, அதாவது 'பவர் விண்டோ', இவற்றுள் ஒன்று.

பாலக்கோடு வட்டாரத்துத் தக்காளி விவசாயி ஒருவர் தமது அனுபவத்தை என்னிடம் கூறினார். அவரது வண்டியில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி ஏறாமல் நின்றது. பியூஸ் போயிருந்தது, மாற்றினார். பத்து நாளில் மீண்டும் போயிற்று. அடுத்து மோட்டாரையே மாற்றினார்கள். ஒரு மாதம் ஓடியது. பிறகு பழைய கதைதான். நான்காம் முறை பியூஸ் இருக்குமிடத்தில் செம்புக் கம்பியை முறுக்கிச் செருகிவிட்டார். கண்ணாடி ஏறியது. சில நாள் கழித்து, சேலம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு தொப்பூர் இறக்கத்தில் செல்லும்போது, ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்து புகை கிளம்பியது. வண்டியை ஓரங்கட்டி, பாட்டரி ஒயரைக் கழற்றியதால் உயிரும் வண்டியும் தப்பின.

பின்னர் பிரித்துப் பார்த்ததில், கதவுக் கீல் பக்கம் செல்லும் ஒயரின் மேலுறை கிழிந்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் தகட்டில் உரசி வந்தது தெரிந்தது. மோட்டாரில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை.

பியூஸ் போவது நோயல்ல, நோயின் அறிகுறி. இலை மஞ்சளானவுடன் யூரியா தூவலாமா? தழைச்சத்துக் குறைவா, இரும்புச்சத்துக் குறைவா, வேரில் நீர் தேங்கியதா என்று பார்த்த பிறகல்லவா மருந்து? அதே முறைதான் இங்கும்.

இயங்கும் விதம்

கதவுக்குள் 12 வோல்ட் மோட்டார் ஒன்று உள்ளது. இது கம்பி வடத்தையோ பற்சக்கரத்தையோ சுழற்றிக் கண்ணாடியை நகர்த்துகிறது. பெரும்பாலான வண்டிகளில் மோட்டாருக்குச் செல்லும் இரண்டு ஒயர்களும் ஸ்விட்ச் வழியாக எர்த்துடன் இணைந்திருக்கும். ஏற்றும்போது ஒரு ஒயருக்கு மின்சாரம் வரும், மற்றது எர்த்தில் நிற்கும்; இறக்கும்போது இது தலைகீழாக மாறும். இதை நினைவில் வைத்தால் பழுதைக் கண்டுபிடிப்பது எளிது.

கருவியின்றிச் செய்யும் சோதனை

1. இரண்டு கதவுக் கண்ணாடிகளும் ஒரே சமயத்தில் நின்றால், பழுது பொதுவான பியூஸ், ரிலே அல்லது எர்த் இணைப்பில் இருக்கலாம். ஒன்று மட்டும் நின்றால், அந்தக் கதவின் ஸ்விட்ச், ஒயர், மோட்டார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

2. என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, கேபின் விளக்கைப் போட்டுக்கொண்டு ஸ்விட்சை அழுத்தவும். விளக்கு சற்று மங்கினால், மின்சாரம் மோட்டாருக்குப் போகிறது, ஆனால் மோட்டாரோ கண்ணாடியோ இறுகியுள்ளது என்று கொள்ளலாம். விளக்கு சிறிதும் மங்காவிடில், மின்சாரம் வழியிலேயே நின்றுவிடுகிறது.

3. ஒருவர் ஸ்விட்சை அழுத்திக்கொண்டிருக்க, மற்றவர் கதவை மெல்லத் திறந்து மூட வேண்டும். ஏதாவதொரு நிலையில் மட்டும் கண்ணாடி நகர்ந்தால், கீல் பக்க ரப்பர் குழாய்க்குள் ஒயர் அறுந்துள்ளது. அடிக்கடி திறந்து மூடும் ஓட்டுநர் கதவில் இது மிகுதி.

4. கண்ணாடி இறங்குகிறது, ஏறவில்லை. அல்லது ஏறுகிறது, இறங்கவில்லை. இவ்வாறானால் ஸ்விட்சின் உள்முனை கருகியிருக்க வாய்ப்பு அதிகம்.

5. பாதியில் நின்று, சிறிது நேரம் கழித்துத் தானாக இயங்கினால், மோட்டார் சூடாகித் தற்காப்பாக நிற்கிறது என்று பொருள். கண்ணாடி செல்லும் ரப்பர் வரியில் செம்மண் புழுதி அடைத்து இறுகியிருப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

6. மோட்டார் சுழலும் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையாவிடில், வடமோ பிளாஸ்டிக் பிடிப்போ உடைந்துள்ளது.

விளக்குச் சோதனை

மீட்டரை மட்டும் நம்பினால் ஏமாறக்கூடும். பத்துப் பதினைந்து இழைகளில் ஒன்றே மிஞ்சிய ஒயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். மோட்டார் இழுக்கும்போதுதான் அது விழுந்துவிடும். எனவே இண்டிகேட்டரில் பயன்படும் 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் இணைத்துக்கொள்ளவும். மோட்டார் முனைகளில் அதைத் தொட்டு, மோட்டார் இணைப்பை எடுக்காமலேயே ஸ்விட்சை அழுத்தவும். பல்பு பிரகாசமாக எரிந்தும் மோட்டார் சுழலாவிட்டால் குறை மோட்டாரில் உள்ளது. மங்கலாக எரிந்தால் ஒயர், எர்த், ஸ்விட்ச் ஆகியவற்றைச் சோதிக்கவும். மோட்டாரை மாற்றுவதற்கு முன் இச்சோதனையைச் செய்யும்படி மெக்கானிக்கிடம் கட்டாயம் கேளுங்கள்.

சரிசெய்யும் முறை

அறுந்த ஒயரை ரப்பர் குழாய்க்குள் மடங்கும் இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றக்கூடாது. சில வாரங்களில் மீண்டும் அறுந்துவிடும். அதே கனமுள்ள பல இழை ஒயரைச் சற்றுத் தளர்வாக விட்டு, இணைப்புகள் மடங்காத இடத்தில் வருமாறு அமைக்க வேண்டும்.

ரப்பர் வரியை ஈரத்துணியால் நன்கு துடைத்து, காய்ந்தபின் சிலிகான் ஸ்பிரே அடிக்கலாம். என்ஜின் ஆயிலும் கிரீஸும் கூடாது. அவை ரப்பரைப் பருக்கச் செய்வதுடன் புழுதியையும் பிடித்துவைத்துக் கொள்ளும்.

கதவின் அடிப்பகுதியில் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. சேறு அடைத்தால் நீர் உள்ளே தேங்கி, மோட்டார் இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறும். மாதம் ஒருமுறை ஈர்க்குச்சியால் துளைகளைச் சுத்தம் செய்யவும். போர்வெல் குழாயை நேரே கண்ணாடி இடுக்கில் பீய்ச்சிக் கழுவுவதைத் தவிர்க்கவும்.

பியூஸ் பற்றிய எச்சரிக்கை

கத்தி முனை போன்ற பியூஸ்களில் சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமற்றது 25, பச்சை 30 ஆம்பியர். வண்டியின் கையேட்டில் குறிப்பிட்ட அளவையே போட வேண்டும். அதிக ஆம்பியரும், செம்புக் கம்பியும், சிகரெட் தகடும் ஒருபோதும் கூடாது. பம்புசெட்டில் பியூஸ் கம்பியைக் கனமாக்கினால் மோட்டார் காயில் எரிகிறது. வண்டியில் அவ்வாறு செய்தால் வண்டியே எரியக்கூடும். ஒரே பியூஸ் இரண்டாம் முறை போனால், மூன்றாவதைப் போடுவதற்கு முன் ஒயரைச் சோதியுங்கள்.

பாதுகாப்பு

கதவைப் பிரிக்கும் முன் பாட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றுவது அவசியம். மோட்டாரைக் கழற்றினால் கண்ணாடி சரிந்து விழும். முதலில் அதை மேலே ஏற்றி, அகலமான டேப்பால் கதவுச் சட்டத்துடன் ஒட்டிவிடவும். சோதனையின்போது குழந்தைகளை அருகில் விடாதீர்கள். கண்ணாடி இடையில் கை, கழுத்து மாட்டும் அபாயம் உண்டு.

வழியில் மழை வந்து கண்ணாடி ஏறாவிட்டால், ஒருவர் ஸ்விட்சை இழுத்துப் பிடிக்க, மற்றவர் இரு உள்ளங்கைகளாலும் கண்ணாடியின் இரு புறமும் அழுத்தி மேலே தள்ளினால் பல சமயம் ஏறிவிடும். அதை அப்படியே விட்டு, ஊர் திரும்பியதும் பழுது பாருங்கள். கண்ணாடி இறங்காத வண்டியின் கேபினுக்குள் பூச்சிமருந்து டப்பா வைத்துப் பயணம் செய்வது நஞ்சைச் சுவாசிப்பதாகும். மருந்துகள் எப்போதும் பின்புறத்திலேயே இருக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசியிலேயே ஒரு மணி நேரம் ஒதுக்கி ரப்பர் வரி, வடிதுளை, கீல் பக்க ஒயர் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டால், அறுவடைக் காலத்தில் வண்டி காலை வாராது. காரணத்தைக் கண்டபின் பாகத்தை மாற்றுங்கள். பாகத்தை மாற்றிவிட்டுக் காரணத்தைத் தேடாதீர்கள்.