அக்கி எங்கிருந்து வருகிறது?

விலாவின் ஒரு பக்கம் மட்டும் காந்தும். சட்டை உரசினாலே எரியும். பார்த்தால் தோலில் ஒன்றும் இருக்காது. வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்ப்பவர்கள் உண்டு. இடப்பக்கம் என்றால் மாரடைப்போ என்று பயந்து ஈ.சி.ஜி. எடுக்க ஓடுபவர்களும் உண்டு. இரண்டு மூன்று நாளில் அதே இடம் சிவந்து, நீர் கோத்த கொப்புளங்கள் கொத்தாக எழும்பும். வீட்டுப் பெரியவர்கள் பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள், அக்கி என்று.

உடம்புச் சூடு, பூச்சி ஊர்ந்தது எனக் காரணமும் சொல்வார்கள். ஆனால் அக்கி புதிதாக வெளியிலிருந்து வந்ததல்ல. சின்ன வயதில் சின்னம்மை போட்டபோது உள்ளே நுழைந்த அதே வாரிசெல்லா சோஸ்டர் வைரஸ்தான் இது. ஹெர்பீஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. காய்ச்சலுக்குப் பின் உதட்டோரம் கொப்புளம் போட வைப்பது இதன் பங்காளி. ஒருமுறை நுழைந்தால் வெளியேறாத குணம் குடும்பம் முழுவதற்கும் உண்டு. அம்மை இறங்கி, வேப்பிலைத் தண்ணீர் ஊற்றி, பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும், முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் வைரஸ் பதுங்கியிருக்கிறது. நோய் எதிர்ப்பாற்றல்தான் அதை அடக்கி வைத்திருக்கிறது. வயது ஐம்பதைத் தாண்டும்போதோ, புற்றுநோய் சிகிச்சை, ஸ்டீராய்டு போன்றவற்றாலோ அந்த ஆற்றல் தளர்ந்தால், ஏதோ ஒரு முடிச்சில் வைரஸ் விழித்து, அந்த நரம்பு வழியாகவே தோலுக்கு இறங்குகிறது. உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டாமல் ஒரே பக்கம் பட்டையாக எழும்புவது அதனால்தான்.

இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் ஊரில் குடும்ப மருத்துவராக இருந்தவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன். 1947 முதல் 1962 வரை தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளைப் பற்றிக் குறித்துக்கொண்டே வந்தார். சின்னம்மைபோல இது பருவம் பார்த்துப் பரவவில்லை. வயது ஏற ஏறத்தான் கூடியது. பதுங்கிய வைரஸ் மறுபடி எழுவதே அக்கி என்று 1965-இல் எழுதினார். ஊர் டாக்டர் ஒருவரின் பொறுமை செய்த வேலை இது.

அக்கிக்குக் குயவர் வீட்டில் செங்காவியால் எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. எழுதினால் ஆறிவிடுகிறதே என்பார்கள். எழுதாவிட்டாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் ஆறிவிடும். காவி மேல் எனக்குக் கோபமில்லை. அதை நம்பி இழக்கும் நாட்கள்தான் கவலை. அசைக்ளோவிர் மாத்திரையைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். சாமர்த்தியமான மருந்து அது: வைரஸின் சொந்த நொதி தூண்டிவிட்ட பிறகே வேலை செய்யும் என்பதால், வைரஸ் புகாத செல்களை அனேகமாகத் தொடுவதில்லை. பதுங்கிக் கிடக்கும் வைரஸை மட்டும் அதனால் ஒழிக்க முடியாது.

நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் கண்டால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும், பார்வைக்கே ஆபத்து. தோல் ஆறிய பின்னும் சிலருக்கு, குறிப்பாக முதியவர்களுக்கு, மாதக்கணக்கில் நரம்பு வலி நீடிக்கும். சாதாரண வலி மாத்திரைக்கு அது மசியாது. கபாபென்டின் போன்ற மருந்துகளை மருத்துவர் தருவார். ஐம்பது வயதுக்கு மேற்பட்டோருக்கு ஷிங்ரிக்ஸ் தடுப்பூசி இந்தியாவிலும் கிடைக்கிறது. இரண்டு தவணை, விலைதான் அதிகம்.

அக்கி கண்டவரைத் தனியறையில் ஒதுக்க வேண்டியதில்லை. அவரிடமிருந்து யாருக்கும் நேரடியாக அக்கி தொற்றாது. ஆனால் கொப்புள நீர் பட்டால், சின்னம்மையோ அதற்கான தடுப்பூசியோ கண்டிராதவருக்குச் சின்னம்மை வரலாம். பொருக்குத் தட்டும்வரை துணியால் மூடி வைத்து, கைக்குழந்தைகளையும் அம்மை காணாத கர்ப்பிணிகளையும் நெருங்காமல் இருந்தால் போதும்.