திரையில் தெரியாத நேரம்

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ9 வீதியில், பிங்கா ஓயாப் பள்ளத்தாக்கில் இருக்கிறது அக்குறணை. சுற்றிலும் குன்றுகள். 1982 பெப்ரவரி 15 அன்று ரூபவாஹினி தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியபின் கூரைமேல் அன்டெனா நட்ட மலைநாட்டு ஊர்களுக்கு ஒரு தொல்லை பழகிப்போனது. செய்தி வாசிப்பவருக்கு வலப்பக்கத்தில் அவருடைய மங்கலான இரண்டாவது உருவம் நிழல்போல் நிற்கும். கோபுரத்திலிருந்து நேராக வந்த அலையோடு, மலையில் பட்டுத் திரும்பிய அதே அலையும் சற்றுப் பிந்தி வந்து சேர்வதுதான் காரணம். வானொலி அலை ஒரு மைக்ரோ செக்கனில் 300 மீற்றர் போகும். இலங்கை ஏற்றுக்கொண்ட பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில், ஒரு கிடைவரியின் கண்ணுக்குத் தெரியும் பகுதி திரையின் இடது விளிம்பிலிருந்து வலது விளிம்புவரை வரையப்பட 52 மைக்ரோ செக்கன் ஆகும். 3 கிலோமீற்றர் கூடுதலாகச் சுற்றி வந்த அலை 10 மைக்ரோ செக்கன் தாமதிக்கிறது. எனவே நிழலுருவம் திரை அகலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தள்ளி விழும். அலை எவ்வளவு தூரம் கூடுதலாகச் சுற்றியது என்பதைத் திரையில் அடிமட்டம் வைத்தே அளந்துவிடலாம்.

வீடியோ சமிக்ஞை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். கம்பியிலோ அலையிலோ வரும் ஒரு நிறப்புள்ளியின்மேல் அது எங்கே போய் உட்கார வேண்டும் என்ற முகவரி எழுதப்பட்டிருப்பதில்லை. எப்போது வருகிறது என்பதுதான் அதன் இடத்தைத் தீர்மானிக்கிறது. அப்படியானால் எப்போதிலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதை அனுப்புபவரும் பெறுபவரும் ஒத்துக்கொண்டாக வேண்டும். படம் இல்லாத நேரம் அங்கேதான் தேவைப்படுகிறது. பால் முறையில் ஒரு வரியின் முழு நீளம் 64 மைக்ரோ செக்கன். அதில் 12 மைக்ரோ செக்கனுக்குப் படம் கிடையாது, அதற்குள் 4.7 மைக்ரோ செக்கன் நீளமான ஒத்திசைவுத் துடிப்பு ஒன்று வந்து வரி தொடங்குவதை அறிவிக்கிறது. 625 வரிகளில் 576 மட்டுமே படத்தைச் சுமக்கின்றன. கொப்பியில் எழுதும் கை வரி முடிந்ததும் பேனாவைத் தூக்கி அடுத்த வரியின் தொடக்கத்துக்கு நகர்வதுபோல, பழைய படக்குழாயின் மின்னணுக் கற்றை அணைந்து திரும்பிப் போக இந்த நேரம் வேண்டியிருந்தது. ஒரு வரியிலும் வரி எண்ணிக்கையிலும் படம் உள்ள பங்குகளைப் பெருக்கிப் பார்த்தால், ஒளிபரப்பு நேரத்தில் ஏறத்தாழ கால்பங்கில் படமே இல்லை.

கணினித் திரைக்கும் இதே கதைதான். 1987இல் ஐ.பி.எம். கொண்டுவந்த வி.ஜி.ஏ. முறையில், 640 புள்ளி அகலமும் 480 வரி உயரமும் கொண்ட படத்துக்கு உண்மையில் 800 புள்ளி நேரமும் 525 வரி நேரமும் ஒதுக்கப்படுகின்றன. படம் முடிந்ததும் 16 புள்ளிக்கு ஒரு சிறு இடைவெளி, பிறகு 96 புள்ளி நீள ஒத்திசைவுத் துடிப்பு, பிறகு 48 புள்ளி இடைவெளி. துடிப்புக்கு முன்னே வருவதை ஃப்ரன்ட் போர்ச் என்றும் பின்னே வருவதை பேக் போர்ச் என்றும் பொறியியலாளர்கள் சொல்வார்கள். மேலிருந்து கீழாக இதே ஒழுங்கு 10, 2, 33 வரிகளாக வருகிறது. வேண்டிய சுற்றை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. சில்லில் இதைக் கட்டுவதற்கு இரண்டு எண்ணிகளும் சில ஒப்பீட்டுச் சுற்றுகளும் போதும். ஒன்று 0 முதல் 799 வரை எண்ணும். அது திரும்பும் ஒவ்வொரு தடவையும் மற்றது ஒன்று கூடி 524 வரை போகும். எளிமை இவ்வளவுதான், பிழைகளோ பல. இரு இடைவெளிகளையும் இடம் மாற்றிப் போட்டால், பழைய படக்குழாய்த் திரையில் நிறங்கள் அப்படியே இருக்க, படம் மட்டும் 32 புள்ளி இடப்பக்கம் நகர்ந்துவிடும். இடைவெளியில் நிறக் கம்பிகளைச் சுழியத்துக்கு இறக்க மறந்தால் விளைவு இன்னும் மோசம். பேக் போர்ச் நேரத்தில் இருக்கும் மின்னழுத்தத்தையே திரை கறுப்பு என்று எடுத்துக்கொள்வதால் படம் முழுவதும் இருண்டுபோகும், அல்லது நிறம் திரிந்துவிடும். நினைவகத்திலிருந்து நிறத்தை எடுத்துவர இரண்டு கடிகாரத் துடிப்பு தாமதமானால், ஒத்திசைவுத் துடிப்பையும் அதே அளவு தாமதிக்க வேண்டும். வி.ஜி.ஏ.க்கு உரிய கடிகாரம் 25.175 மெகாஹேர்ட்ஸ். பயிற்சிப் பலகைகளில் உள்ள 50 மெகாஹேர்ட்ஸ் கடிகாரத்தைப் பாதியாக்கிச் சரியாக 25இல் ஓட்டினாலும் பெரும்பாலான திரைகள் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் ஒரு வரி 800ஆகவும் அடுத்த வரி 803ஆகவும் வந்தால் படம் நிலைகொள்ளாது. வேகம் சற்றுக் குறைவதைத் திரை தாங்கும், ஒழுங்கு குலைவதைத் தாங்காது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. இன்று படக்குழாய் இல்லை, திரும்பிப்போகும் கற்றையும் இல்லை; பிறகு எதற்காக இந்த வெற்று நேரத்தைச் சுமக்க வேண்டும்? மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. 1920 × 1200 அளவுப் படத்தைப் பழைய அளவு இடைவெளிகளோடு செக்கனுக்கு 60 தடவை அனுப்ப 193.25 மெகாஹேர்ட்ஸ் கடிகாரம் வேண்டும். ஒற்றை இணைப்பு டி.வி.ஐ. கம்பியின் எல்லையோ 165. இடைவெளியை வரிக்கு 160 புள்ளியாகச் சுருக்கும் வழியை திரைத் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு வரையறுத்தபின் 154 மெகாஹேர்ட்ஸே போதுமானது. அதே கம்பியில் படம் போனது. ஆகவே கற்றைக்காக விட்ட நேரம் வெட்டப்பட வேண்டியதுதான். ஆனால் முழுவதும் வெட்டப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்.சி.டி. பலகையும் எல்லாப் புள்ளிகளையும் ஒரே கணத்தில் மாற்றுவதில்லை. அது வரிவரியாகவே மின்னேற்றம் பெறுகிறது; ஒரு வரி எங்கே முடிகிறது என்று அதன் கட்டுப்பாட்டுச் சுற்றுக்குத் தெரிந்தாக வேண்டும். படத்தைத் தானே சேமித்துவைக்கும் கைபேசித் திரைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவற்றுக்குள்ளும் சேமித்த படம் பலகைக்குப் போவது அதே வரி ஒழுங்கில்தான்.

அதோடு, வெற்று நேரம் வெறுமனே கிடக்கவும் இல்லை. 1974இலேயே பி.பி.சி. தன் சீஃபாக்ஸ் எழுத்துச் சேவையை, திரையில் தெரியாத மேல்வரிகளில் ஏற்றி அனுப்பியது. எச்.டி.எம்.ஐ. கம்பியில் 1920 × 1080 படம் உண்மையில் 2200 × 1125 என்ற சட்டகத்தில் வருகிறது. தொலைக்காட்சியில் நாம் கேட்கும் ஒலி அந்த மிஞ்சிய இடத்தில்தான் சிறு பொதிகளாகப் பயணிக்கிறது. விளையாட்டுக் கணினிகளில் புதுப்பிப்பு வேகத்தைப் படத்துக்கு ஏற்றபடி மாற்றும் நுட்பங்கள் செய்வதும், சட்டகத்தின் முடிவில் உள்ள இடைவெளியை நீட்டி அடுத்த படம் தயாராகும்வரை திரையைக் காக்கவைப்பதுதான். படம் பாதியில் கிழியாமல் நினைவகத்தை மாற்றி எழுத வடிவமைப்பாளருக்குக் கிடைக்கும் அமைதியான நேரமும் இதுவே. கற்றைக்காகப் பிறந்த இடைவெளி, கற்றை போனபிறகும் வேறு வேலைகளைக் கற்றுக்கொண்டு நிலைத்துவிட்டது. இதைப் பழமையின் எச்சம் என்று ஒதுக்கும் பாடநூல்கள் மாணவருக்குப் பெரிய அநீதி செய்கின்றன என்பதே என் எண்ணம்.

அக்குறணையிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகம் அதிக தூரமில்லை. அங்கேயோ வேறெங்கேயோ முதல் தடவை ஓர் எஃப்.பி.ஜி.ஏ. பலகையைக் கையில் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: பந்தையோ எழுத்தையோ திரையில் ஓடவிட அவசரப்பட வேண்டாம். முதலில் 640, 16, 96, 48 என்று தாளில் எழுதிக் கூட்டுங்கள். 800 வர வேண்டும். பிறகு படமே இல்லாமல் இரண்டு ஒத்திசைவுக் கம்பிகளை மட்டும் இயக்கிப் பாருங்கள். சமிக்ஞை இல்லை என்ற அறிவிப்பு மறைந்து திரை கறுப்பாக நின்றால், கடினமான பகுதி முடிந்துவிட்டது.