படலைக்கு வெளியே போன நாய் யாருடையது?

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் வருகிறவருக்கு மண்டைதீவுச் சந்தி கழிந்ததும் வருகிற ஊர் அல்லைப்பிட்டி. வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு போகிற வாகனங்களும், குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்குப் போகிற யாத்திரிகர் பஸ்களும் இந்த வீதியைத் தொடாமல் போக முடியாது. பொழுது சாய்ந்ததும் அதே வீதியின் சூட்டில் முதுகு காய்ச்சிக்கொண்டு நாய்கள் படுத்திருக்கும். “கட்டாக்காலி நாய்த் தொல்லை” என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு பின்னேரம் பஸ்ஸுக்கு நின்றபோது அவற்றின் கழுத்தைப் பார்த்தேன். ஒன்றுக்கு நீல நைலோன் கயிறு. ஒன்றுக்கு வெளிறிப்போன சிவப்புப் பட்டி. இன்னொன்றின் கழுத்தைச் சுற்றி மயிர் தேய்ந்து ஒரு வளையம், பகலெல்லாம் சங்கிலி கிடந்த தடம். சோறு போட ஆளுள்ள நாய்கள்தான் இவை. இது தெரிந்த பிறகு, ஊரில் கேட்ட சந்தேகங்களுக்குப் பதில் சொல்வது கொஞ்சம் சுலபமாகிறது.

“பகலில கட்டி வச்சிட்டு இரவில அவிட்டு விடுறம். காவலுக்குத்தானே வளக்கிறம், இதில என்ன பிழை?”

வளவுக்குள் அவிழ்த்துவிட்டால் ஒரு பிழையும் இல்லை. கேள்வி உங்கள் வேலியைப் பற்றியது. “எங்கட நாய் வெளியில போறேல்லை” என்று சொல்லாத வீடு இல்லை. நாளைக் காலையில் வேலியோரம் ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கோ ஓரிடத்தில் மண் வழுவழுப்பாகத் தேய்ந்து ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அதற்கு மேலே முள்ளுக்கம்பியில் மண்ணிற மயிர் நாலைந்து ஒட்டியிருக்கும். அதுதான் உங்கள் நாயின் படலை. ஒரு கதியாலையும் இரண்டு கல்லையும் வைத்து அடைக்கிற வேலைதான்.

பன்னிரண்டு மணித்தியாலம் ஒரு தூணைச் சுற்றிக் கிடந்த நாய், அவிழ்த்த கையோடு காவல் பார்க்க உட்காராது. அடக்கி வைத்த ஓட்டமெல்லாம் கால்களில் இருக்கும்; நேரே சந்திக்குத்தான் போகும். விடியப்புறம் மூன்று மணிக்குக் கடலுக்குப் போகிறவரின் சைக்கிள் வெளிச்சம் அதற்கு விளையாட்டுச் சாமான். பகலில் குறுக்கிக் கட்டாமல், இரண்டு மரங்களுக்கு இடையில் நீளமாகக் கம்பி இழுத்து அதில் ஒரு வளையத்தைக் கோர்த்துச் சங்கிலியைக் கொழுவிவிட்டால் நாய் நடமாடும், நிழலுக்கும் தண்ணீருக்கும் போய் வரும். கட்டி வைத்துக் கட்டி வைத்தே சீறப் பழக்கிவிட்டு, “நல்ல காவல் நாய்” என்று பெருமைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நாய்க்குத் தபால்காரரும் கள்ளனும் ஒன்றுதான்.

“நாயைக் கயித்தில பிடிச்சுக்கொண்டு நடக்கிறது கொழும்புக்காரற்ற, வெளிநாட்டுக்காரற்ற வேலையெல்லோ? ஊர் சிரிக்கும்.”

முதல் கிழமை சிரிக்கும். ஆடிமாத விடுமுறைக்கு லண்டனில் இருந்து வருகிறவர் சிரிக்க மாட்டார். அங்கே நாய் ஆளைக் கடிக்கக்கூட வேண்டாம், கடித்துவிடும் என்று ஒருவர் நியாயமாகப் பயப்படும்படி கட்டுப்பாடின்றி நின்றாலே உரிமையாளர் மீது வழக்கு வரும். 2014இலிருந்து சொந்த வளவுக்குள் நடந்தாலும் அப்படித்தான்.

காலையும் மாலையும் அரை மணித்தியாலம் நடந்த நாய் இரவில் ஊர் சுற்ற அவ்வளவு துடிக்காது. கழுத்துப்பட்டிக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். அதைவிட இளக்கமென்றால் பின்னுக்கு இழுத்துத் தலையைக் கழற்றிவிடும். பிடிகயிறு ஆறடிக்கு மேல் தேவையில்லை. வலைக்கயிறு, மெல்லிய நைலோன் வேண்டாம். நாய் ஒரு இழுவை இழுத்தால் உள்ளங்கை கிழியும். கையில் சுற்றிக்கொள்ளவும் வேண்டாம், விழுத்திவிடும். எதிரே வாகனம் தெரியும்படி வீதியின் வலப்பக்கம் நடந்து, நாயைக் கரைப்பக்கம் விடுங்கள். வெயில் ஏறிய தாரில் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள்; உங்களுக்குப் பொறுக்காவிட்டால் அதன் பாதத்துக்கும் பொறுக்காது. பாலத்துப் பக்கம் கூட்டிப்போக வேண்டாம். இரு பக்கமும் கடல். லொறி வந்தால் நாய் வெருண்டு ஒதுங்க இடமில்லை. மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி ஓட்டுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். அது நாய்க்குச் சித்திரவதை, ஓட்டுகிறவருக்கு ஆபத்து.

எட்டு வயதுப் பிள்ளையிடம் கயிற்றைக் கொடுத்து அனுப்புகிறவர்கள் ஒன்றை யோசியுங்கள். எதிர்நாய் பாய்ந்தால் அந்தக் கயிற்றை இழுத்துப் பிடிக்கிற பலம் பிள்ளைக்கு இருக்கிறதா?

“மோட்டார் சைக்கிளைத் துரத்துது. என்ன செய்யிறது?”

வேகத்தைக் கூட்டாதீர்கள், காலைத் தூக்கி உதையாதீர்கள். விழுகிறவர்களில் பலர் நாய் கடித்து விழுவதில்லை, உதைக்கப் போய் விழுகிறார்கள். ஓடுகிறதைத் துரத்துவது நாயின் இயல்பு. வேகம் குறைந்தால் பெரும்பாலும் அதன் உற்சாகமும் குறையும். சைக்கிளில் போகிறவர் இறங்கி, சைக்கிளைத் தனக்கும் நாய்க்கும் இடையில் பிடித்துக்கொண்டு நடக்கலாம். நடந்து போகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது: ஓடாதே, கத்தாதே, கண்ணுக்குள் பார்க்காதே, மெல்லப் பின்னுக்கு வா. சாப்பிடுகிற நாயையும் குட்டி போட்ட தாய் நாயையும் எட்டி நின்றே பார்க்க வேண்டும்.

“கடிச்சது எங்கட சொந்த நாய்தான். ஊசியும் போட்டிருக்கு. ஆசுப்பத்திரிக்குப் போக வேணுமோ?”

போக வேண்டும். இந்தப் பதிலுக்கு விதிவிலக்குத் தேடி வருகிறவர்கள்தான் அதிகம், ஆகவே கொஞ்சம் விரிவாக.

விசர்நோய் என்கிற நீர்வெறுப்பு நோய் நாயின் உமிழ்நீரால் வருகிறது. கடி மட்டுமல்ல, பல்லோ நகமோ கீறின காயமும், ஏற்கெனவே இருந்த புண்ணை நாய் நக்குவதும் வழியாகலாம். கிருமி நரம்பு வழியாக மெல்ல மூளைக்குப் போகிறது. வழக்கமாக இரண்டு மூன்று மாதம் எடுக்கும், சிலருக்குச் சில நாளிலேயே, சிலருக்கு ஓராண்டும் ஆகலாம். அறிகுறி தொடங்கிய பின் காப்பாற்ற மருந்து இல்லை. அதற்கு முன்னே ஊசி போட்டால் ஏறக்குறைய எல்லோரும் தப்புகிறார்கள். இவ்வளவு தெளிவாக இரண்டு கரையும் தெரிகிற நோய் வேறு அதிகம் இல்லை. உலகத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இதனால் இறப்பதாகக் கணக்கு. இலங்கையில் 1973இல் மட்டும் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்கு ஊசி போடப் போடத்தான் அந்தத் தொகை ஆண்டுக்குச் சில பத்துப் பேராக இறங்கியது.

கடிபட்ட உடனே செய்ய வேண்டியது குழாயைத் திறப்பது. குழாய் இல்லாவிட்டால் கிணற்றடிக்குப் போய் ஒருவர் அள்ளி ஊற்ற வேண்டும். சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளம். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள், மஞ்சள், மண்ணெண்ணெய் ஒன்றும் வேண்டாம். நாயின் மயிரைச் சுட்டுச் சாம்பல் வைப்பதும் வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

பிறகு ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைக்கோ யாழ். போதனா வைத்தியசாலைக்கோ போங்கள். அரச வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சைக்குக் காசில்லை. காயம் ஆழமா, எந்த இடத்தில், நாய்க்கு என்னென்ன ஊசி எப்போது போடப்பட்டது என்பதைப் பார்த்து வைத்தியர் முடிவெடுப்பார். தோல் கிழிந்து இரத்தம் வந்த காயத்துக்குத் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் செலுத்த நேரலாம். நாயின் ஊசி அட்டையைக் கையோடு கொண்டுபோனால் பாதிக் கேள்வி அங்கேயே தீரும். ஒரு தடவைக்கு மேல் வரச் சொன்னால் கடைசித் தடவை வரை போக வேண்டும். இரண்டாவது ஊசியோடு “சுகமாயிருக்குது” என்று நிறுத்துகிறவர் காய்ச்சல் குளிசையோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்.

கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள், துரத்தியும் விடாதீர்கள். கட்டி வைத்துச் சோறும் தண்ணீரும் கொடுத்து 14 நாள் கவனிக்க வேண்டும். நோயோடு கடித்த நாய் அதற்குள் தெரியக் காட்டும் அல்லது செத்துப்போகும். ஆனால் இந்த 14 நாள் நாய்க்கான தவணை, உங்களுக்கானது அல்ல. “நாய் செத்தால் ஊசி போடுவம்” என்று வீட்டில் இருந்துகொண்டு பார்ப்பது சூதாட்டம். நாய் இடையில் செத்தாலோ காணாமல் போனாலோ உடனே வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்லுங்கள். உடலைப் புதைத்துவிட்டுச் சொல்லாதீர்கள்.

குட்டி கடித்தாலும் இதே கதைதான். பாற்பல் தானே என்று பிள்ளை வீட்டில் சொல்லாமல் விடுவதுதான் ஆகப் பெரிய ஆபத்து. அடிப்பார்கள் என்ற பயத்தில் பிள்ளை மறைக்கும். அந்தப் பயத்தைப் போக்குவது பெரியவர்கள் வேலை.

“பக்கத்து வீட்டு நாய் கடிச்சது. அவை, எங்கட நாயில்லை எண்டினம். சட்டம் ஏதும் இருக்கோ?”

பழைய சட்டங்கள் இருக்கின்றன. விசர்நோய்க் கட்டளைச் சட்டம் 1893இல் வந்தது. நாய்களைப் பதிவு செய்கிற கட்டளைச் சட்டம் 1901இல். வளர்க்கிற நாயை உள்ளூராட்சி மன்றத்தில், அல்லைப்பிட்டிக்கு என்றால் வேலணைப் பிரதேச சபையில், பதிய வேண்டும் என்பது நூற்றாண்டு கடந்த கடமை. எத்தனை வீட்டில் பதிவுத்துண்டு இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. தன் வசமுள்ள விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்க்கத் தவறுவது தண்டனைச் சட்டக்கோவையிலும் குற்றம். நட்டஈடு தனி வழி. உரோமன் டச்சுச் சட்ட மரபு வீட்டு விலங்கு செய்த கேட்டுக்கு உரிமையாளரைப் பொறுப்பாக்குகிற மரபு, அதில் உங்கள் வழக்கு நிற்குமா என்பதைச் சட்டத்தரணியிடம்தான் கேட்க வேண்டும். ஊரில் நடக்கிற வழி என்றால் கிராம அலுவலரிடம் சொல்லி, பொலிஸில் முறைப்பாடு பதிந்து, மத்தியஸ்த சபைக்குப் போவது.

“எங்கட நாயில்லை” என்ற வாக்குமூலம் கடி நடந்த அன்றைக்கு மட்டுமே வருகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். முதல் நாள் அதே நாய் கள்ளனைப் பிடித்திருந்தால் யாருடையது என்று ஊரே சொல்லியிருக்கும்.

“பிரதேச சபை பிடிச்சுக்கொண்டுபோய்க் கொல்லேலாதோ? முந்தி அப்பிடித்தானே.”

முந்தி அப்படித்தான். 2006க்குப் பிறகு தெருநாயைக் கொல்வதில்லை என்பது அரசின் கொள்கை. கருத்தடையும் தடுப்பூசியும்தான் மாற்று. இது இரக்கத்தால் மட்டும் வந்ததல்ல. கொன்ற இடம் வெற்றிடமாகக் கிடப்பதில்லை. குப்பையும் மீன் கழிவும் இருக்கும் வரை பக்கத்து ஊரிலிருந்து ஊசி போடாத நாய்கள் வந்து நிரப்பும். ஒரு பகுதியில் 70 வீதமான நாய்களுக்கு ஊசி போட்டிருந்தால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11இல் டெல்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொல்லிவிட்டு, 22ஆம் திகதியே அதைத் திருத்தி, விசர்பிடித்ததும் மூர்க்கமானதும் தவிர மற்றவற்றைக் கருத்தடையும் ஊசியும் முடித்து அதே இடத்தில் விடச் சொன்னது. பதினொரு நாளில் அங்கேயும் இதே முடிவுக்குத்தான் வந்தார்கள்.

“பெட்டைக் குட்டியளை என்ன செய்யிறது? ஒருத்தரும் கேக்கினமில்லை.”

சாக்கில் கட்டிக் கொண்டுபோய்ச் சந்தையடியிலும் கோயிலடியிலும் விடுகிறோம். கடுவன் குட்டிக்கு வீடு கிடைக்கும், பெட்டைக்குத் தெருதான். பைரவரின் வாகனம் என்று கும்பிடுகிற அதே கோயில் வாசலில் இது நடக்கிறது. பெட்டை ஆண்டுக்கு இரண்டு தடவை பருவத்துக்கு வரும். ஏறத்தாழ 63 நாளில் ஐந்தாறு குட்டி. இன்றைக்கு நாம் திட்டுகிற சந்திக் கூட்டம் எங்கள் சாக்குகளிலிருந்து இறங்கியதுதான். தாயை ஒருமுறை கருத்தடை செய்தால் இந்தப் பேச்சே முடிந்துவிடும். அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் நடமாடும் சிகிச்சை எப்போது வருகிறது என்று கேட்டு வையுங்கள். கடுவனுக்கும் செய்யலாம், பெட்டையைத் தேடி ஊர் சுற்றுவதும் அதற்காகச் சண்டை பிடிப்பதும் குறையும்.

“ஆட்டைக் கடிச்சுப் போட்டுது. இது கட்டாக்காலியோ வளர்ப்போ எண்டு எப்பிடித் தெரியும்?”

ஆட்டுக்காரருக்குத் தெரியாது. இரவு வெளியே போய் விடிய வாயில் இரத்தத்தோடு வருகிற நாயின் வீட்டுக்காரருக்குத் தெரியும்.

“சாட்டிக் கடற்கரைக்கு ஞாயிற்றுக்கிழமை நாயைக் கொண்டுபோகலாமோ?”

கயிற்றோடு போங்கள், கையில் ஒரு பையோடு போங்கள். நாயின் மலத்தில் இருக்கிற கொழுக்கிப்புழுவின் குடம்பி மணலில் வெறுங்காலோடு விளையாடுகிற பிள்ளையின் தோலுக்குள் போகும். மாரி தொடங்கி இடம்பெயர் பறவைகள் வந்து இறங்குகிற மாதங்களில் களப்போரங்களில் நாயை அவிழ்த்துவிட வேண்டாம். எங்கிருந்தோ பறந்து களைத்து வந்தவை, ஒவ்வொரு துரத்தலுக்கும் எழும்பிப் பறந்தால் தின்னவும் நேரமில்லை.

“பங்குனியில கனடா போறம். நாயைப் பக்கத்து வீட்டில சொல்லிச் சோறு வைக்கச் சொல்லலாம்தானே?”

தீவகத்தில் பூட்டிய வீடுகளுக்குக் குறைவில்லை. 1990இலும் 91இலும் போரால் இடம்பெயர்ந்தவர்களுக்குத் திரும்பிப் பார்க்கவும் நேரமிருக்கவில்லை. உங்களுக்குப் பங்குனி வரை இருக்கிறது. மாதக் காசு அனுப்பிச் சோறு வைக்கச் சொன்ன நாய், பூட்டின படலைக்கு வெளியே வீதியில்தான் படுத்திருக்கும். அதற்கு அங்கே வீடு இருக்கும், வீட்டுக்காரர் இருக்க மாட்டார். இப்போதே ஒரு குடும்பத்தைப் பாருங்கள். போகிற அன்றைக்குக் கொடுக்காமல், இரண்டு மாதத்துக்கு முன்பே அவர்களோடு நடக்கவிடுங்கள். கயிறு அவர்கள் கையில், நீங்கள் பக்கத்தில். கருத்தடை செய்து, இந்த ஆண்டு ஊசியைப் போட்டு, அடுத்த ஊசிக்குரிய மாதத்தை அட்டையில் எழுதிப் பட்டியோடும் சங்கிலியோடும் சேர்த்துக் கொடுங்கள். எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கும் என்பதையும் எழுதிவிடுங்கள்.