ஐம்பது பேர் வாசித்ததை எட்டுப் பேர் வாசிப்பது

மதுரைப் பக்கம் திருவிழாவில் பாட்டுக் கச்சேரின்னா மெல்லிசைக் குழுதான். குழுவில் பலருக்குப் பகலில் வேறு வேலை, ராத்திரி மேடை. நோட்டேஷன் பார்த்து வாசிக்கிறவங்க குறைவு. ரெக்கார்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பிடிப்பதுதான் வழக்கம்.

பாவலர் பிரதர்ஸும் அப்படிக் கிளம்பினவங்கதான். ஊர் பண்ணைப்புரம், இன்றைக்குத் தேனி மாவட்டம், அப்போ மதுரை மாவட்டம். பாவலர் வரதராஜனும் தம்பிகள் பாஸ்கர், ராஜா, அமரும் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடினார்கள். சினிமா மெட்டுக்குக் கட்சி வரிகள். மெட்டு ஏற்கெனவே தெரிஞ்சது, அதனால் ஜனம் வார்த்தையைக் கவனிக்கும். ஒரு ஆர்மோனியமும் தாளமும் இருந்தாலே ஒப்பேத்திடலாம்.

வேடிக்கை அதுக்கப்புறம். அந்த ராஜாதான் 1976-ல் ‘அன்னக்கிளி’யில் இளையராஜா. வயலின் கூட்டம், புல்லாங்குழல், கிதார், பேஸ் என்று ஆளாளுக்குத் தனித்தனியா எழுதிக் கொடுத்தார். ஊர்க் குழுக்களுக்குத் திண்டாட்டம். அத்தனை வயலினும் ஒரே கீபோர்டில் வரணும். நடுவில் புல்லாங்குழல் வந்தால் அதே ஆளின் இன்னொரு கை. எதை விடுவது என்பதில்தான் குழுவின் காது தெரியும். வயலினைக் குறைச்சால் மன்னிச்சுடுவேன். பேஸ் இல்லாட்டி எனக்கு அது ராஜா பாட்டே இல்லை.

இப்போ கரோக்கி. எந்தக் கருவியும் விட்டுப்போகாது, செலவும் கம்மி. ஆனா பாடகர் சரணத்தைத் தவறவிட்டால் அது பாட்டுக்கு ஓடிடும். ரிதம் பேட்காரர் என்றால் ரெண்டு சுற்று சும்மா தட்டிக்கிட்டே அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார்.