மூன்றாவது கம்பி

"கிரைண்டரைத் தொட்டா சுர்ருங்குது. ஆனா மாவு மட்டும் வெண்ணெய் மாதிரி அரைக்குது!"

செலியமேட்டில் ஒரு வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு அந்த வீட்டு அம்மாள் இப்படிச் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "ரப்பர் செருப்பைப் போட்டுக்கிட்டுத் தொட்டா ஒண்ணும் பண்ணாது" என்று பரிகாரமும் கூறினார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய பாகூர்ப் பகுதியைச் சேர்ந்தது செலியமேடு. வயலும் வாய்க்காலுமாக இருக்கும் ஊர் என்றாலும், சமையலறைக்குள் எட்டிப் பார்த்தால் பட்டணத்துக்கு ஒன்றும் குறைவில்லை. கிரைண்டர், மிக்ஸி, குளிர்சாதனப் பெட்டி, பின்கட்டில் துணி துவைக்கும் யந்திரம் எல்லாம் இருந்தன. யந்திரங்கள் புதியவை, சுவரில் இருந்த மின்சார இணைப்போ பழையது. கிரைண்டரின் பிளக்கில் இருக்க வேண்டிய மூன்று கால்களில் தடித்த கால் ஒன்றைக் காணோம். பழைய துவாரத்தில் அது நுழையவில்லையாம். யாரோ ஒரு புத்திசாலி அதை வெட்டி எறிந்துவிட்டு, "இப்ப சரியாப் போச்சு" என்று சொல்லிப் போயிருக்கிறார்.

சகோதரிகளே! அந்தக் கால் எதற்காக இருக்கிறது என்று நீங்கள் எப்போதாவது யோசித்ததுண்டா?

மின்சாரம் ஒரு கம்பி வழியாக வருகிறது. வேலை செய்துவிட்டு இன்னொரு கம்பி வழியாகத் திரும்பிப் போகிறது. ஆகவே யந்திரம் ஓடுவதற்கு இரண்டு கம்பிகளே போதும். மூன்றாவதான எர்த் கம்பிக்கு அன்றாடம் ஒரு வேலையும் கிடையாது. வீட்டுத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும் தாத்தாவைப் போலத்தான் அது. திருடன் வருகிற அன்றைக்குத்தான் அவருடைய அருமை தெரியும்.

திருடன் எப்படி வருகிறான்? மாவுத் தண்ணீர் கசிந்தோ, எலி கடித்தோ, பல வருஷ உஷ்ணத்தினாலோ உள்ளே இருக்கும் கம்பியின் உறை கெட்டுப்போகிறது. மின்சாரம் யந்திரத்தின் உலோக உடம்பில் ஏறிவிடுகிறது. எர்த் கம்பி சரியாக இருந்தால் அது மின்சாரத்தை மண்ணுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். பியூஸும் போய், யந்திரம் நின்றுவிடும். எர்த் கம்பி இல்லாவிட்டாலோ 230 வோல்ட் மின்சாரம் அந்த உடம்பிலேயே காத்துக்கொண்டிருக்கும். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் நாம் போய்த் தொட்டால், நம்முடைய உடம்பே மூன்றாவது கம்பி ஆகிவிடுகிறது!

இன்றைக்குச் 'சுர்' என்றதோடு நின்றது, கால் செருப்பில் இருந்ததனால்தான். நாளைக்குத் தரையில் தண்ணீர் கொட்டியிருக்கலாம். செருப்பில்லாமல் குழந்தை ஓடிவந்து தொடலாம். 'சுர்' என்பது பழகிப்போக வேண்டிய விஷயமல்ல. யந்திரம் நமக்கு எழுதும் எச்சரிக்கைக் கடிதம் அது.

யந்திரம் வந்த கதை

நம் பாட்டிமார்களுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. ஆட்டுக்கல்லுக்கு எர்த் எதற்கு? கை வலி ஒன்றுதான் அவர்கள் கொடுத்த விலை. கோயமுத்தூரில் பி. சபாபதி என்பவர் 1955-ம் வருஷத்தில் மின்சாரத்தால் ஓடும் கிரைண்டரை உருவாக்கினார். ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். கிரைண்டரிலோ கல் சுற்றும், குழவி நின்ற இடத்தில் நிற்கும். இந்தத் தலைகீழ் மாற்றம் எத்தனை பெண்களின் தோள்வலியைத் தீர்த்தது! பிற்காலத்தில் கோயமுத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மிக்ஸியின் கதையும் சுவையானதுதான். மனைவியின் வெளிநாட்டு மிக்ஸி நம் ஊர் அரைப்புக்கு ஈடுகொடுக்க முடியாமல் பழுதாகவே, சத்ய பிரகாஷ் மாதுர் என்ற என்ஜினீயர் தாமே ஒன்றைச் செய்ய முனைந்தார். 1963-ல் தொடங்கிய 'சுமீத்' அப்படிப் பிறந்ததுதான். 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் வழங்கத் தொடங்கியபோது, ஓட்டு வீடுகளுக்குள்ளும் இவை நுழைந்தன.

நல்ல காரியம்தான். ஆனால் இரண்டு பல்புக்கும் ஒரு விசிறிக்கும் என்று கம்பி இழுத்த வீடுகள் எத்தனையோ! யந்திரம் வந்த வேகத்தில் சுவர் மாறவில்லை. கோளாறு அங்கேதான் இருக்கிறது.

கடைக்குப் போகுமுன்

ஆகவே, கடைக்குப் புறப்படுமுன் முதலில் சுவரைப் பாருங்கள். கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் சிறிய 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் போதும். வெந்நீரில் துவைக்கும் வாஷிங் மெஷின், இண்டக்ஷன் அடுப்பு போன்றவை சுமார் 2,000 வாட் வரை இழுக்கும். அதாவது ஏறக்குறைய 9 ஆம்பியர். இவற்றுக்குப் பெரிய 16 ஆம்பியர் பாயின்ட்டும் தனிக் கம்பியும் வேண்டும்.

கடைக்காரரிடம் விலையைக் கேட்பதோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். "பழுதானால் எங்கள் ஊருக்கு ஆள் வருவாரா? நாலு வருஷம் கழித்து இதற்குப் பெல்ட்டும் உதிரிச் சாமானும் கிடைக்குமா?" இந்தக் கேள்விகளுக்குத் தயங்கும் இடத்தில் தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் லாபமில்லை.

பொருத்தும்போது

சுவரில் மூன்று துவாரங்கள் இருப்பதனாலேயே பின்னால் மூன்று கம்பிகள் இருப்பதாக அர்த்தமில்லை. செலியமேட்டு வீட்டில் மின்பணியாளர் வந்து வாஷிங் மெஷினுக்கான பெட்டியைக் கழற்றிக் காட்டினார். மூன்றாவது துவாரத்தின் பின்னால் வெறும் காற்றுதான் இருந்தது! அது மட்டுமல்ல, சிலர் எர்த்துக்குப் பதிலாக நியூட்ரல் கம்பியையே அங்கே முடிந்துவிடுகிறார்கள். அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால், யந்திரத்தின் உடம்பு முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். இதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

எர்த் கம்பி வீட்டுக்கு வெளியே உள்ள குழி வரையில் அறுபடாமல் போகவேண்டும். மண் காய்ந்தால் எர்த்தின் சக்தி குறையும். கோடையில் துளசி மாடத்துக்கு ஊற்றும்போது அந்தக் குழிக்கும் ஒரு குடம் ஊற்றிவிடுங்கள்.

இன்னொரு காவலாளியும் உண்டு. அதற்கு ஆர்.சி.சி.பி. என்று பெயர். பியூஸும் எம்.சி.பி.யும் கம்பியைக் காப்பவை. ஆளைக் காப்பவை அல்ல. ஓர் உயிரைக் குடிக்க ஒரு ஆம்பியரில் மிகச் சிறிய பங்கே போதும். அதற்கு அவை அசைந்துகொடுக்காது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மட்டும், போன மின்சாரம் முழுவதும் திரும்பி வந்ததா என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.

முன்புறம் கதவு வைத்த வாஷிங் மெஷின் வாங்கினால், பின்புறத்தில் பிரயாணத்துக்காக முடுக்கியிருக்கும் போல்ட்டுகளைக் கழற்றிய பிறகே ஓட்டவேண்டும். மறந்தால் யந்திரம் கூத்தாடும்! நாலு காலும் தரையில் சமமாகப் பதிந்திருப்பதும் அவசியம்.

ரிப்பேர் யார் செய்வது?

சில்லறைக் கோளாறுகளை நாமே பார்த்துக்கொள்ளலாம். மிக்ஸி திடீரென்று நின்றால் பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறவிட்டு, அடியிலுள்ள பொத்தானை அழுத்திப் பாருங்கள். அளவுக்கு மீறி அரைத்தால் அது தானாக நின்றுகொள்ளும். வாஷிங் மெஷினில் தண்ணீர் மெதுவாக வந்தால், குழாயை மூடி, ரப்பர்க் குழாயைக் கழற்றி, அது யந்திரத்தோடு சேருமிடத்தில் உள்ள சல்லடையைக் கழுவுங்கள். கிரைண்டரில் மோட்டார் சத்தம் கேட்டும் கல் சுற்றாவிட்டால், பெல்ட் தளர்ந்திருக்கலாம்.

ஆனால், 'சுர்' என்றால் நம் வைத்தியம் வேண்டாம். மெயினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். அவர் வரும்வரை இட்லி இல்லாமற்போனால் குடி முழுகிவிடாது. யாரையாவது மின்சாரம் பிடித்துக்கொண்டாலும் முதலில் மெயினைத்தான் அணைக்கவேண்டும். பதறி அவரைத் தொட்டுவிடாதீர்கள்.

இன்று இரவு வேலை முடிந்ததும் உங்கள் வீட்டுப் பிளக்குகளின் கால்களை எண்ணிப் பாருங்கள். பிளாஸ்டிக் உடம்புள்ள சில சாமான்களுக்கு இரண்டு கால்களே இருக்கும். சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளம் இருந்தால் அவற்றுக்கு எர்த் தேவையில்லை. மற்றவற்றில் கால் குறைந்தால், பிளக்கை மாற்றுவதோடு நிறுத்தாமல், துவாரத்தின் பின்னாலும் கம்பி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

செலியமேட்டு அம்மாளின் வீட்டில் இப்போது எர்த் குழி வெட்டியாயிற்று. கிரைண்டரின் உள்கம்பியும் மாற்றியாயிற்று. கூலியை நினைத்து முதலில் முணுமுணுத்தவர், வேலை முடிந்ததும் செருப்பைக் கழற்றி ஒரு மூலையில் வைத்தார்.

"இப்ப சுர்ருங்கல. மாவு மட்டும் அதே மாதிரிதான் அரைக்குது!" என்றார்.